அம்மாவுக்கு 24 மணி நேர ஆள்: ஏஜென்சியிடம் என்ன கேட்கணும்?

நங்கநல்லூர்க்காரன்:
அம்மாவுக்கு 79 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று, இப்போது வாக்கர் பிடித்து நாலடி நடக்கிறார். எனக்குப் புனேயில் வேலை, அக்கா திருச்சியில், மாற்றி மாற்றி லீவு போட்டு ஓட்டினோம், இனி முடியாது. ஒரு ஏஜென்சியில் மாதம் 27,000 ரூபாய், அது போகப் பதிவுக் கட்டணம், ஒரு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். "நர்ஸ் அனுப்புறோம் சார்" என்கிறார்களே தவிர, யார் வருவார் என்று பெயர்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கையெழுத்துப் போடுமுன் என்ன கேட்கணும்?

அண்ணாநகர் அக்கா:
அந்த 'நர்ஸ்' என்ற வார்த்தையை முதலில் பிடியுங்கள் தம்பி. ஜிஎன்எம், ஏஎன்எம் என்ற நர்சிங் படிப்பு படித்தவர் என்றால் நர்சிங் கவுன்சில் பதிவு எண் இருக்கும், கேளுங்கள். மழுப்பினால் வரப்போவது அட்டெண்டர்தான். வாக்கரில் நடப்பவருக்கு அட்டெண்டரே போதும், ஆனால் நர்ஸுக்கான காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது முதல் மாதத்திலேயே மூன்று பேர் மாறினார்கள். இரண்டாவதாக வந்தது நல்ல பெண்தான், ஆனால் படுத்தே கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் போடணும் என்பதே அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐந்தாம் நாள் துடைத்துவிடும்போது பார்த்தேன், முதுகுக்குக் கீழே ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது, படுக்கைப்புண்ணின் ஆரம்பம். ஆள் நின்றுபோனால் எத்தனை நாளில் மாற்று ஆள் வரும், இடைப்பட்ட நாளுக்குப் பணம் கழிப்பார்களா, அட்வான்ஸ் எப்போது திரும்பும், எல்லாம் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

செல்வி:
எட்டு வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன் சார். நீங்கள் கொடுக்கும் 27,000-ல் வருகிற பெண் கைக்கு எவ்வளவு போகும் என்று கேளுங்கள். என் பேரில் 26,000 வாங்கி எனக்கு 17,000 கொடுத்தார்கள், பாதியில் ஓடாமல் என்ன செய்வோம்? அப்புறம், 24 மணி நேரம் என்றால் 24 மணி நேரமும் முழித்திருக்க முடியுமா? ராத்திரி அம்மா நாலு தடவை எழுந்தால் மறுநாள் மதியம் இரண்டு மணி நேரம் தூங்க விடணும். ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் பாய் போட்டார்கள், யார் தண்ணீர் எடுக்க வந்தாலும் கதவு என் தலையில் இடிக்கும். வீட்டில் எல்லோருடைய துணியும் பாத்திரமும் எங்கள் தலையில்தானா என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

குரோம்பேட்டை ரவி:
பிசியோதெரபிக்குத் தனியாகக் காசு கொடுக்குமுன் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாகச் செய்கிறார்கள்.

நங்கநல்லூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பதிவு எண் கேட்டதும் "அட்டெண்டர்தான் சார், 22,000-க்கு முடிச்சுக்கலாம்" என்று இறங்கி வந்தார்கள். செல்வி அக்கா சொன்ன கேள்விக்கு, "அது எங்க உள்விவகாரம்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்தில் விசாரிக்கப் போகிறோம். அம்மா அறையில் இன்னொரு கட்டில் போட அக்காவிடம் சொல்லிவிட்டேன்.