பிட்டத்தில் தொடங்கி கெண்டைக்கால் வரை வலி: பிசியோ செய்தவர்கள் உதவுங்கள்

வயது 43, கோவை. தினம் 9 மணி நேரம் கார் ஓட்டும் வேலை. 4 மாதமாக வலது பிட்டத்தின் நடுவில் குத்தல். அங்கிருந்து பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை சுரீரென்று இறங்குகிறது. சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகிறது. நடந்தால் பரவாயில்லை. உட்கார்ந்து 20 நிமிடம் ஆனால் ஆரம்பித்துவிடும். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இடது பக்கம் சாய்ந்து உட்காருவதே பழக்கமாகிவிட்டது.

எம்.ஆர்.ஐ.யில் எல்5-எஸ்1 டிஸ்க் (கீழ்முதுகில் எலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு) லேசாகப் பிதுங்கியிருக்கிறது. எலும்பு மருத்துவர் அதுதான் காரணம் என்கிறார். பிசியோதெரபிஸ்டோ, பிட்டத்துக்குள் இருக்கும் பிரிஃபார்மிஸ் தசை காலுக்கு இறங்கும் நரம்பை அழுத்துகிறது என்கிறார். டிஸ்க் வலி என்றால் பெரும்பாலும் இருமினால், தும்மினால் கூடும் என்கிறார்கள். எனக்குக் கூடுவதில்லை, அதனால் பிசியோ சொல்வதுதான் சரி என்று படுகிறது. சிறுநீர், மலம் போவதில் சிக்கல் இல்லை. குதிகாலைத் தூக்கி நிற்க முடிகிறது.

நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரை 75 மி.கி. ஒரு மாதம் சாப்பிட்டேன். தூக்கம் வந்ததுதான் மிச்சம், வண்டி ஓட்டுபவனுக்கு அது சரிப்படுமா? ஐ.எஃப்.டி. என்ற மின்தூண்டல் சிகிச்சை 10 நாள். அப்புறம் மல்லாந்து படுத்து, கால்மேல் கால் போட்டுத் தொடையை மார்புப் பக்கம் இழுக்கும் பயிற்சி 6 வாரம். பின் பாக்கெட் பர்ஸையும் எடுத்தாயிற்று. வலி பாதி குறைந்தது, அதற்குமேல் நகரவில்லை. அடுத்து, காலை மெதுவாக நீட்டி மடக்கி நரம்பை நழுவவிடும் பயிற்சி (நெர்வ் கிளைடிங்) என்கிறார் பிசியோ.

இதே நிலையில் அதைச் செய்தவர்களுக்கு, எத்தனை வாரத்தில் உட்காரும் நேரம் கூடியது?