பாதி பகல், பாதி இருட்டு: சயின்ஸ் ஃபேன்டசி உலகத்தில் மாயத்துக்கு எல்லை எங்கே வைப்பது?

ஆறுமுகப்பகடை:
நண்பர்கள் நான்கு பேரை வைத்து ஒரு டேபிள்டாப் கேம்பெயின் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பல நாள் தொடர்ந்து ஆடும் கதை விளையாட்டு) தொடங்கப் போகிறேன், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். உலகத்தைச் சொந்தமாகவே உருவாக்குகிறேன். சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றும் கிரகம். ஒரு பக்கம் ஓயாத வெயில், மறுபக்கம் ஓயாத இருட்டு, நடுவில் உள்ள அந்திப் பட்டையில்தான் ஊர்கள். எப்போதோ வந்து குடியேறியவர்களின் இயந்திரங்கள் மண்ணுக்குள் இன்னும் ஓடுகின்றன, பூசாரிகள் மந்திரம் சொன்னால் அவை கேட்கும். இதுவரை சரி. ஆனால் குழுவில் ஒருத்தி இயற்பியல் படித்தவள், எதற்கும் "எப்படி?" என்று கேட்பாள். இன்னொருவனுக்கு மாயம் என்று சொல்லிவிட்டால் போதும், எந்தப் பூட்டையும் எந்தச் சண்டையையும் அதை வைத்தே முடிக்கப் பார்ப்பான். எல்லாம் இயந்திரம்தான் என்று விளக்கிவிட்டால் வசீகரம் போய்விடும், விளக்காமல் விட்டால் நான் வாய்க்கு வந்தபடி முடிவு செய்வதாகத் தோன்றும். என்ன செய்யலாம்?

செங்குள்ளன்:
எல்லையை வானத்தில் வையுங்கள். உங்கள் கிரகத்துக்கு நிஜமாகவே ஒரு முன்மாதிரி இருக்கிறது, டிராப்பிஸ்ட்-1. சுமார் 40 ஒளியாண்டு தூரத்தில் உள்ள ஒரு சிவப்புக் குள்ள விண்மீன், அதாவது நம் சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீன். அதைச் சுற்றி ஏழு பாறைக் கிரகங்கள் இருப்பதாக 2017-ல் அறிவித்தார்கள். எல்லாம் விண்மீனை ஒட்டியே சுற்றுவதால் ஒரே முகத்தைத்தான் காட்டும் என்று கணிக்கிறார்கள். அதில் 'இ' என்ற நான்காவது கிரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓர் ஆண்டு நம் கணக்கில் 6.1 நாள்தான். உள்பக்கம் இருக்கும் 'டி' 4.05 நாளில் சுற்றுகிறது, வெளிப்பக்கம் இருக்கும் 'எஃப்' 9.2 நாளில். கணக்குப் போட்டுப் பார்த்தால் டி சுமார் 12 நாளுக்கு ஒருமுறை உங்களை முந்திக்கொண்டு போகும், எஃப்பை நீங்கள் சுமார் 18 நாளுக்கு ஒருமுறை முந்துவீர்கள். நெருங்கி வரும்போது இரண்டுமே ஏறத்தாழ நம் நிலா அளவுக்குத் தெரியும்!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், டி நெருங்கும்போது சூரியன் இருக்கும் திசையில்தான் நிற்கும், அதனால் வெயில் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும், அதுவும் சூரியனின் கால்வாசி அகலத்துக்கு ஒரு கரும்பொட்டு அதன் மேல் ஊர்ந்து போவதாக. எஃப் நேர் எதிர்த் திசையில், முழுநிலவு போல, இருட்டுப் பக்கத்துக்கு மட்டும். ஆக வெயில் பக்கத்துப் பூசாரிகளுக்கு 12 நாள் முறை, இருட்டுப் பக்கத்தாருக்கு 18 நாள் முறை. தொடக்க நாளை ஒன்றாக வைத்தால் 36 நாளுக்கு ஒருமுறை இரண்டும் கூடி வரும். இயந்திரங்கள் அந்த நேரங்களில் மட்டும் விழிக்கும் என்று வைத்துவிடுங்கள், ஏன் என்று சொல்லவே வேண்டாம். உங்கள் தோழி அந்த நாள்கணக்கைத் தானே கண்டுபிடிப்பாள், பூட்டு உடைக்கிறவன் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

பழையவிதி:
கணக்கு அருமை, ஆனால் முதல் நாளே இதை எடுத்துச் சொன்னால் வகுப்பு எடுத்த மாதிரி ஆகிவிடும். நான் பொருளிலிருந்து தொடங்குவேன். 1978-ல் டிஎஸ்ஆர் என்ற விளையாட்டு நிறுவனம் வெளியிட்ட காமா வேர்ல்ட் விளையாட்டில், பழங்காலக் கருவி கிடைத்தால் ஒரு கட்டப்படத்தில் டைஸ் போட்டுப் போட்டு நகர்ந்துதான் அது எப்படி இயங்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். டன்ஜியன்ஸ் & டிராகன்ஸ் விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் அதற்காக எழுதி 1980-ல் வந்த பேரியர் பீக்ஸ் சாகசத்தில் வாள் பிடித்த வீரர்கள் விழுந்து கிடக்கும் விண்கலத்துக்குள் போகிறார்கள்; ஆட்டக்காரர்களிடம் காட்டுவதற்கென்றே அதில் தனியாக ஒரு படப் புத்தகம் கொடுத்தார்கள். பெயர் சொல்லாமல் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் காட்டும் வழி அது. "லேசர் துப்பாக்கி" என்று நீங்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அப்புறம் அது வெறும் துப்பாக்கிதான். அதற்குப் பதில், முழங்கை நீளத்தில் வெள்ளை உருளை, ஒரு முனையில் கட்டைவிரல் மட்டும் நுழையும் குழி, கையில் எடுத்ததும் விரல்கள் சில்லிட்டுப் போகின்றன, இவ்வளவு சொல்லி நிறுத்துங்கள்.

ஏன் சில்லிட வேண்டும்? அதுதான் விலை. மந்திரமாக இருந்தாலும் கருவியாக இருந்தாலும் பயன்படுத்துகிறவரின் உடல் சூட்டைத்தான் எடுக்கும் என்று ஒரே விதி. அது எப்படி என்று யாருக்கும் தெரிய வேண்டாம், ஆனால் ஒருமுறைகூட அந்த விதி தவறக் கூடாது. காரணம் தெரியாததை ஆட்டக்காரர்கள் தாராளமாகப் பொறுத்துக்கொள்வார்கள், நேற்று நடந்தது இன்று நடக்காமல் போனால்தான் பொறுக்க மாட்டார்கள்.

கரையோரம்:
சூடு விஷயம் நிலத்தோடும் பொருந்துகிறது. வெயில் பக்கத்தில் மாயம் மலிவு, இருட்டுப் பக்கத்தில் ஒவ்வொரு மந்திரமும் உயிரோடு விளையாட்டு. ஆகவே பூசாரிகள் வெயிலை நோக்கிக் கோயில் கட்டுவார்கள். ஆனால் தண்ணீர் மறுபக்கம் இருக்கிறது! இப்படிப்பட்ட கிரகங்களில் நீர் ஆவியாகி இருட்டுப் பக்கம் போய்ப் பனியாக உறைந்துவிடக்கூடும், அந்தப் பனிமலைகளின் ஓரம் உருகித்தான் அந்திப் பட்டைக்கு ஆறு வரும். தரையோடு வீசும் காற்றும் பெரும்பாலும் அங்கிருந்துதான். வீடுகளுக்கு இருட்டுப் பக்கச் சுவரில் ஜன்னலே இருக்காது, பயிர் வரிசைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். கண்டங்களையும் பேரரசுகளையும் வரைந்துகொண்டிருக்காமல், ஓர் ஆறு, அதன் மதகு, மதகைத் திறக்கும் மந்திரம் தெரிந்த ஒரே ஒரு கிழவி, அவளுக்கு உடம்பு சரியில்லை. முதல் நாள் ஆட்டத்துக்கு இது தாராளம்.

ஆறுமுகப்பகடை:
கிழவியை எடுத்துக்கொண்டேன், நன்றி! அவளுக்குச் சூடு போதவில்லை, அதனால் மதகு பாதி திறந்தபடி நிற்கிறது; அடுத்து டி வருவதற்கு ஐந்து நாள் இருக்கிறது, அதற்குள் வயல் காய்ந்துவிடும். ஒரே சந்தேகம், சூட்டைத் தனி எண்ணாக வைப்பதா, பாத்திரத்தின் உயிர்பலத்தைக் காட்டும் ஹிட் பாயிண்டிலேயே கழிப்பதா?

பழையவிதி:
தனி எண்தான். ஹிட் பாயிண்டில் கழித்தால் குணப்படுத்தும் மந்திரத்தை வைத்தே ஈடுகட்டிவிடுவார்கள். கேரக்டர் ஷீட்டில், அதாவது ஒவ்வொருவரின் பாத்திர விவரத் தாளில், ஆறு கட்டம் போடுங்கள், மந்திரமோ கருவியோ பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள். நெருப்போரம் உட்கார்ந்தால் ஒரு கட்டம் திரும்பக் கிடைக்கும், இன்னொருவர் கையைப் பிடித்துத் தன் சூட்டைக் கொடுத்தாலும் கிடைக்கும். அந்தக் கிழவிக்கு யார் கை கொடுக்கப் போகிறார்கள் என்று அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.