புதுப்பிப்பு: ஈர அட்டை வாடை அடித்த அந்த ஒயின்

போன மாதம் கேட்டிருந்தேன்: புதிதாகத் திறந்த பினோ நுவார் என்ற சிவப்பு ஒயினில் பழ வாசமே இல்லை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை, கோளாறு ஒயினிலா, என் மூக்கிலா? மூக்கு தப்பித்தது.

பலரும் சொன்னபடி கார்க்தான் குற்றவாளி. கார்க்கில் வளரும் பூஞ்சை, குளோரின் கலந்த பீனால்கள் என்ற வேதிப்பொருட்களை டி.சி.ஏ. என்ற சேர்மமாக மாற்றிவிடுகிறது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே போதும், வாடை தெரிந்துவிடும். அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் வம்பு: வாடை வராது, பழ வாசம் மட்டும் மங்கிப்போகும். நாமும் 'சுமாரான ஒயின்' என்று முடிவு கட்டிவிடுவோம். இப்படி எத்தனை நல்ல ஒயினைத் திட்டியிருக்கிறேனோ!

டிகான்டரில், அதாவது ஒயினைக் காற்றுப் பட ஊற்றி வைக்கும் குடுவையில், ஒரு மணி நேரம் வைத்தும் பார்த்தேன். பயனில்லை. லேசான கந்தக வாடை என்றால் காற்றுப் பட்டதும் போய்விடும், இது போகாது.

அப்புறம், அதே ஆண்டின் இன்னொரு பாட்டிலைத் திறந்து இரண்டு கிளாஸையும் பக்கத்தில் வைத்து முகர்ந்தேன். புதியதில் செர்ரி, கொஞ்சம் ஈர மண், பின்னால் காளான். பழையதில் அட்டை, அவ்வளவுதான். பத்துக் கட்டுரை படித்தும் புரியாதது ஒரே மூச்சில் புரிந்தது.

உடம்புக்குக் கெடுதல் இல்லையாம். சரி, மிச்சத்தைக் கொட்டவில்லை. சின்ன பாட்டிலில் மூடி வைத்திருக்கிறேன், அடுத்த முறை சந்தேகம் வந்தால் முகர்ந்து ஒப்பிட.