புதுப்பிப்பு: கொச்சியில் கார் நிறுத்த இடம் கிடைத்ததா?

போன வாரம் கேட்டிருந்தேன்: கோவையிலிருந்து குடும்பத்தோடு காரில் கொச்சி போகிறோம், எர்ணாகுளத்தில் வண்டி நிறுத்தத் தனியாகப் பணம் கேட்காத விடுதி இருக்கிறதா என்று. போய் வந்தாச்சு.

முதலில் எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு விடுதி போட்டோம். 'பார்க்கிங் உண்டு' என்றுதான் இருந்தது. உண்டுதான், இரண்டு காரை மேலும் கீழும் அடுக்கும் லிஃப்ட்! எங்கள் இன்னோவா தலையில் கேரியர், அதில் அம்மா கட்டிக் கொடுத்த பலாப்பழம் வேறு. வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கேறில்லா சேட்டா" (ஏறாது அண்ணா) என்றார். முன்பணம் போனது போனதுதான்.

அப்புறம்தான் இங்கே ஒருவர் சொன்ன யோசனை: கொச்சி நகருக்கு முன்னாலேயே ஆலுவாவில் தங்கி, மெட்ரோவில் ஊர் சுற்றுவது. ஆலுவா, கோவையிலிருந்து வரும் 544ஆம் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, நகர நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கிட்டத்தில், முற்றம் வைத்த பழைய வீடு மாதிரி ஒரு லாட்ஜ். வண்டிக்குத் தனிக் காசு இல்லை. மாமரத்தடியில் நிறுத்தியதால் காலையில் கண்ணாடி முழுக்கப் பிசின், அது வேறு கதை.

இரண்டு நாளும் காரைத் தொடவில்லை. ஆலுவாவில் மெட்ரோ ஏறி எம்.ஜி. ரோடு, அங்கிருந்து ஆட்டோவில் ஹைகோர்ட் படகுத்துறை, வாட்டர் மெட்ரோவில் ஃபோர்ட் கொச்சி. மின்சாரப் படகு, ஏசி வேறு. பையன் மறுபடி ஏற வேண்டும் என்று அடம். அங்கே கரையோரச் சீன மீன்பிடி வலைகள் பக்கம் கார்கள் இடம் தேடி ஊர்ந்ததைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் குஷியாகத்தான் இருந்தது.

பலாப்பழத்தை லாட்ஜ்காரருக்கே கொடுத்துவிட்டோம்.