பேய்க்கணவாய் என் கையைத் தடவிய காலையும் துழாவிகளின் முதல் பாட்டியும்

பாக் நீரிணையில் சங்கு ஓடுகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டிக் கடலடியில் இறக்கிவைக்கும் மீனவர் ஒருவருடன் ஒரு விடியற்காலையில் நானும் வள்ளத்தில் போயிருந்தேன். ஓட்டைத் தன் வீடாக்கிக்கொண்டு உள்ளே ஒடுங்கியிருக்கும் பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்), கயிற்றை இழுக்கும்போது ஓட்டோடு மேலே வந்துவிடும். அப்படி வந்த ஒன்றை அவர் என் கையில் விட்டு, "பயப்படாதீங்க தம்பி, அது ஆள் பாக்குது" என்றார்.

ஒரு கரம் என் மணிக்கட்டைச் சுற்றியது. இன்னொன்று கைக்கடிகாரத்தின் வாரை ஓரமாகத் தடவி, வார் முடியும் இடத்தில் நின்று, திரும்பவும் தொடங்கிய இடத்துக்கே போனது. அதே நேரத்தில் மூன்றாவது கரம் பலகை இடுக்கில் வழி தேடிக்கொண்டிருந்தது. ஓர் உடலுக்குள் பலர் வெவ்வேறு வேலை பார்ப்பதைப் போல இருந்தது. அதன் உறிஞ்சிகள் தொடுவதோடு சுவைக்கவும் செய்கின்றன என்பதையும், அதற்குள்ள ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கரங்களிலேயே இருக்கின்றன என்பதையும் பிறகுதான் படித்து அறிந்தேன். மூன்று இதயங்களும் செம்பு கலந்த நீல இரத்தமும் உடைய அந்த உயிருக்கும் நமக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. சிந்திக்கும் உயிர் இந்தப் பூமியிலேயே தனித்தனியாக இருமுறை உருவாகியிருக்கிறது என்று அன்று எனக்குத் தோன்றிய எண்ணத்திலிருந்துதான் நான் கற்பனை செய்த வேற்றுக்கோள் இனமான துழாவிகள் பிறந்தார்கள்.

அவர்களை வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் குடியேற்றினேன். அதன் பனி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் ஒன்று இருப்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. அது வியாழனை ஒருமுறை சுற்றி வர ஏறக்குறைய 85 மணி நேரம் ஆகிறது; அந்தச் சுற்றில் வியாழனுக்கு நெருங்கியும் விலகியும் போவதால் அதன் உடல் பிசையப்பட்டுச் சூடாகிறது. ஆகவே துழாவிகளுக்குப் பகல் இல்லை, விண்மீன் இல்லை. 85 மணிக்கொருமுறை மேலே பனிக்கூரை முறுகும் ஓசைதான் அவர்களுடைய நாள். கண் தேவைப்படாததால் கண்ணை எடுத்துவிட்டேன். எட்டுக் கரங்களால் எண்ணுவதால் அவர்கள் எட்டெட்டாக எண்ணுகிறார்கள். தண்ணீருக்குள் நெருப்பு மூட்ட முடியாது என்பதால் உலோகத்தை உருக்கும் தொழிலும் அவர்களிடம் வளரவில்லை.

உடலை அமைப்பது எளிதாக இருந்தது. வரலாறு என்று வந்தபோது பல மாதம் நகரவே முடியவில்லை. பேய்க்கணவாய்த் தாய் முட்டைகளுக்குக் காவலிருந்து, இரையெடுப்பதை நிறுத்தி, குஞ்சுகள் வெளிவரும் காலத்தை ஒட்டி இறந்துவிடுகிறது. குஞ்சுகள் தாயிடம் எதையும் கற்பதில்லை. எவ்வளவு அறிவிருந்தாலும் ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய இனத்துக்குப் பண்பாடு எங்கிருந்து வரும்? வேற்றுக்கோள் இனங்களைக் கற்பனை செய்பவர்கள் பெரும்பாலும் ஆயுதத்தையும் விண்கலத்தையும் விரிவாக எழுதுகிறார்கள். குழந்தையை யார் வளர்க்கிறார்கள் என்பதை விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எனக்கு வழிகாட்டியது ஓர் உண்மையான ஆய்வு. ஜெரோம் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர் தாய்ப் பேய்க்கணவாய்களின் கண்ணருகே உள்ள ஒரு சோடிச் சுரப்பிகளை அகற்றியபோது அவை மீண்டும் இரையெடுத்து நெடுநாள் வாழ்ந்ததாக 1977இல் எழுதினார். அதே ஆண்டில்தான் பசிபிக் பெருங்கடலின் காலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், வெயிலே படாத வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி உயிர்கள் செழித்திருப்பது கண்டறியப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு முதல் பாட்டி கிடைத்தாள்.

ஓர் ஊற்றின் வாயில் படர்ந்திருந்த நுண்ணுயிர்ப் பாசியைத் தற்செயலாகத் தின்ற ஒரு தாய்க்கு அந்தச் சுரப்பி அடங்கிப்போனது. முட்டைகள் பொரிந்தன, அவள் சாகவில்லை. குஞ்சு ஒன்று தன் கரத்தை அவள் கரத்தின்மேல் வைத்தது. துழாவிகளின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. முடிச்சிட்ட நார்க்கயிறுதான் அவர்களுடைய எழுத்து. ஒவ்வொரு முடிச்சிலும் வெவ்வேறு கனிமத்தின் சுவை பூசப்பட்டிருக்கும். எல்லாக் கயிறுகளும் கந்தகச் சுவையில்தான் தொடங்கும், ஏனென்றால் அது அந்த ஊற்றின் சுவை.

பிறகு அந்த ஊற்று குளிர்ந்தது. பாசி கருகத் தொடங்கியதும் தாய்மார்கள் மறுபடியும் பழையபடி மடிந்தார்கள். ஒரே தலைமுறைக்குள் கயிறு படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். மிஞ்சியவர்கள் பாசியை வெறும் ஓடுகளுக்குள் அடைத்து, வழியெங்கும் தங்கள் உடற்சூட்டால் காத்து, வேறோர் ஊற்றைத் தேடிப் போனார்கள். இந்தப் பயணத்தை எழுதும்போது என் மனக்கண்ணில் நின்றவை வள்ளத்தில் கிடந்த அந்தச் சங்கு ஓடுகள்தான். பிடிப்பதற்காக இறக்கிய ஓடு, அங்கே காப்பதற்கான ஓடாக மாறிவிட்டது.

துழாவிகள் விடைபெறும் முறையையும் அந்தக் காலையிலிருந்தே எடுத்துக்கொண்டேன். மீனவர் பேய்க்கணவாயை என் கையிலிருந்து பிரித்தபோது அதன் உறிஞ்சிகள் ஒரே சமயத்தில் விடவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை ஒவ்வொன்றாக விட்டன. துழாவிகளும் அப்படித்தான் பிரிகிறார்கள். கடைசி உறிஞ்சி விடும்வரை இருவரும் அசையக் கூடாது.