தாங்கி விலகும்போது மாதிரி வளைவு கணக்கைவிட முன்னதாகவே சரிவது ஏன்?

கேள்வி:
சாந்தில்லாமல் கான்கிரீட் ஆப்புக்கற்களை அடுக்கிய அரைவட்ட வளைவில், ஒரு தாங்கியை மட்டும் கிடையாக வெளிப்புறம் மெல்ல நகர்த்திச் சோதித்து வருகிறேன். நடுக்கோட்டு ஆரம் 200 மி.மீ., தடிமன் 30 மி.மீ. எதிர்பார்த்தபடியே உச்சியில் உள்முகமும் இரு தோள்களில் (உச்சிக்கும் அடிக்கும் இடைப்பட்ட பகுதிகளில்) வெளிமுகமும் பிளந்து மூன்று கீல்கள், அதாவது கற்கள் விளிம்பில் மட்டும் தொட்டுத் திரும்பும் மூட்டுகள், உருவாகின்றன. ஆனால், கையால் போட்ட விறைப்புக்கல் கணக்கும் (கற்கள் சிறிதும் நசுங்காது என்று கொள்வது) மென்பொருளும் சரியும் விலகலுக்கு ஒரே எல்லையைக் காட்ட, வளைவோ அதில் முக்கால் பங்கு விலகலிலேயே, அதுவும் ஒருபக்கமாக, சரிந்துவிடுகிறது. மென்பொருளில் உராய்வைக் குறைத்தும் வேறுபாடு தீரவில்லை.

பதில் 1:
கற்கள் மூட்டில் வழுக்கவில்லை என்றால் உராய்வுக்கு இங்கே வேலையில்லை. விளிம்புகளை அளந்து பாருங்கள். கணக்கும் மென்பொருளும் ஒத்துப்போவது, இரண்டும் ஒரே கூர்விளிம்புக் கல்லை எடுத்துக்கொண்டன என்பதை மட்டுமே காட்டுகிறது. இரு முகங்களிலும் 1 மி.மீ. மழுங்கியிருந்தால் பயன்படும் தடிமன் 28 மி.மீ.தான்; தடிமன்–ஆர விகிதம் 0.15இலிருந்து 0.14க்கு இறங்குகிறது. அற்பமாகத் தோன்றினாலும், அரைவட்ட வளைவு தன் எடையைத் தாங்கி நிற்கவே ஏறத்தாழ 0.1075 தேவைப்படுவதால், கையிலிருந்த உபரியில் கிட்டத்தட்ட கால் பங்கு அங்கேயே போய்விடுகிறது. விலகல் எல்லை இந்த உபரிக்கு நேர்விகிதத்தில் மாறாது. ஆகவே 28ஐ வைத்து முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

பதில் 2:
தோள் கீல்கள் தொடக்கத்தில் விழுந்த மூட்டுகளிலேயே கடைசிவரை இருக்கும் என்று கையால் போட்ட கணக்கு கொள்கிறதா? விலகல் கூடக்கூட வடிவம் மாறுகிறது, உந்துவிசைக் கோடும் (கல்லிலிருந்து கல்லுக்கு அழுத்துவிசை செல்லும் பாதை) இடம் மாறுகிறது. அது கல்லுக்கு வெளியே போகிறதா என்று ஒவ்வொரு படியிலும் சரிபார்க்காவிட்டால் எல்லை மிகையாகவே வரும். ஒருபக்கச் சரிவில் வியப்பில்லை. முழுச் சமச்சீர்ச் சரிவுக்கு ஐந்து கீல்கள் வேண்டும், நான்கே போதும் என்னும்போது சிறு குறை ஒன்று ஒரு பக்கத்தைத் தேர்ந்துவிடுகிறது.

கேட்டவர்:
விளிம்பு மழுங்கல் சராசரியாக 1 மி.மீ. இருக்கிறது. மென்பொருளில் மூலைகளை உருட்டுவதா, மூட்டின் விறைப்பை (அழுத்தத்தில் அமுங்காத தன்மையை) குறைப்பதா?

பதில் 1:
மூலைகளை உருட்டுங்கள். விறைப்பைக் குறைத்தால் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கீல் உள்ளே நகரும். விடை பொருந்தினாலும் காரணம் தவறாகவே இருக்கும். விறைப்பைப் பத்து மடங்காக்கியும் தாங்கியின் வேகத்தைப் பாதியாக்கியும் ஓட்டுங்கள். சரியும் விலகல் அப்போதும் மாறாதிருந்தால் மட்டுமே முடிவை ஏற்கலாம். பெரிய பாலத்துக்கு இதைக் கொண்டுபோவதானால், நிலைப்பு வடிவத்தைப் பொறுத்தது என்பதால் விகிதங்கள் அப்படியே செல்லும். இந்த 1 மி.மீ. மழுங்கல் மட்டும் செல்லாது, அங்குள்ள கல்லில் தனியாக அளக்க வேண்டும்.