பட்டியல் போட்டும் முக்கியமான வேலை மட்டும் தள்ளிப்போகிறதே, ஏன்?

கேள்வி: தினமும் 15 வேலை எழுதி வைக்கிறேன். சில்லறை வேலைகள் முடிந்துவிடுகின்றன. படிப்பு, உடற்பயிற்சி மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்றே போகின்றன. எங்கே தப்பு?

பதில் 1: பட்டியலில் வேலை இருக்கிறது, நேரம் இல்லை. வாரத்துக்கு 168 மணி. தூக்கம் 56, வேலையும் பயணமும் 55, குளியல், சாப்பாடு, வீட்டு வேலை 28. மிச்சம் 29. அதிலும் பாதியைத்தான் நம்பலாம். காய்ச்சல், விருந்தாளி என்று மீதி கரைந்துவிடும். 14 மணியில் பெரிய காரியம் இரண்டுதான் அடங்கும். மூன்றாவதை இப்போதைக்கு எடுத்துவிடுங்கள் (இதுதான் கஷ்டம், யாரும் செய்வதில்லை). அப்புறம், 'படிப்பு' என்று மொட்டையாக எழுதாதீர்கள். 'செவ்வாய் காலை 6:00–6:45, 3ஆம் பாடம், கணக்கு 1 முதல் 8 வரை' என்று எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்று யோசிக்கும்போதுதான் கை போனுக்குப் போகும்.

பதில் 2: கணிப்பிலும் கோளாறு இருக்கும். வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே போடுவோம். 1979இலேயே உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் இதற்கு 'திட்டமிடல் பிழை' (planning fallacy) என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1 மணி என்று தோன்றினால் 1½ மணி ஒதுக்குங்கள். போன தடவை நிஜமாக எவ்வளவு ஆனது என்று குறித்து வைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி கேட்டவர்: சில்லறை வேலைகளை என்ன செய்வது?

பதில் 1: மாலையில் அரை மணி ஒதுக்கி மொத்தமாக முடியுங்கள். காலையில் தொடவே தொடாதீர்கள். ஒன்றை டிக் அடித்தால் அடுத்ததும் இழுக்கும்.